ராஜ்யங்களின் தெரு

1914 ஆகஸ்ட் 6

செவ்வாய்க்கிழமை முதல் இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் யுத்தம். மாயவரத்துக்குத் தந்தி நேற்றே வந்துவிட்டதாம். எங்கள் மணற்பட்டினத்துக்கு அது இன்று காலை தபால்காரர் வாயால் வந்து சேர்ந்தது.

பாடசாலை வழக்கம்போல் நடந்தது. நான் தலைமை உபாத்தியாயினி. நான் இருக்கும்வரை அது வழக்கம்போல்தான் நடக்கும். விடுதியில் நாற்பது பெண்பிள்ளைகள். நெல் குத்த ஆள் வரவில்லை என்பதால் பெரிய பிள்ளைகளை உலக்கை பிடிக்க வைத்தேன்.

காலை ஜெபத்தில் மட்டும் ஒரு சிறு தடங்கல். மேனேஜர் ஹெட்விக் அம்மாள் தினமும் "எங்கள் ராஜாவை ஆசீர்வதியும்" என்று சொல்வார். இன்று "எங்கள்" என்றதும் நின்றுவிட்டார். அவர் ஜெர்மன் பாதிரியின் மகள், பாடசாலை ஜெர்மன் மிஷனுடையது, ராஜாவோ இங்கிலாந்துக்காரர். பிள்ளைகள் கண்ணைத் திறந்து பார்த்தார்கள். நான் "ஆமென்" என்று உரக்கச் சொல்லி முடித்துவைத்தேன்.

1914 ஆகஸ்ட் 9

சமையல்கார அன்னம்மாள் காலையிலிருந்து என்னை விடவில்லை.

"ஏன் வாத்தியாரம்மா, நம்ம ராசாவும் அந்தக் கைசரும் சொந்தக்காரங்கன்னு சொன்னீங்களே?"

"கைசர் நம் ராஜாவுக்கு அத்தை மகன். ருஷ்யா ராஜா சித்தி மகன்."

"அப்போ இது பங்காளிச் சண்டைதான். பெரியவங்க யாராச்சும் உக்காந்து பேசினா தீந்துபோயிரும்."

தீராது என்றேன். ஏன் என்றாள். அதை அவளுக்கு விளக்க முயன்றபோதுதான் எனக்கே விளங்கியது. முன்பெல்லாம் இரண்டு ராஜாக்கள் அடித்துக்கொண்டால் மற்றவர்கள் தங்கள் வயலைப் பார்க்கப் போய்விடலாம். இந்தக் கடற்கரையில் கோட்டை கட்டிய டேனிஷ்காரன், வேண்டாமென்றதும் ஊரோடு சேர்த்து இங்கிலீஷ்காரனுக்கு விற்றுவிட்டுப் போனான். யாரும் கேட்கவில்லை. இப்போது அப்படி இல்லை. தந்தியும் கப்பலும் வந்தபின் ராஜ்யங்களெல்லாம் ஒரே தெருவுக்குக் குடிவந்துவிட்டன. ஒரு வீட்டில் பாத்திரம் விழுந்தால் கடைசி வீட்டில் எட்டிப்பார்க்கிறார்கள். யாருக்கு யார் துணை, யார் முகத்தில் யார் விழிப்பதில்லை, யார் வாக்குக் கொடுத்தார், எல்லாம் எல்லாருக்கும் தெரியும். ராஜாக்கள் உறவா இல்லையா என்பது இனிக் கணக்கில்லை. வீடுகளே மனிதர்கள்போல் நடந்துகொள்கின்றன.

"அப்படின்னா பஞ்சாயத்து இருக்கணுமே," என்றாள் அன்னம்மாள்.

"தெரு வந்துவிட்டது. பஞ்சாயத்து இன்னும் வரவில்லை."

"அது நல்லதுக்கில்ல," என்று சொல்லிவிட்டுப் புளி கரைக்கப் போனாள்.

1914 ஆகஸ்ட் 12

பூகோள வகுப்பில் பிள்ளைகளுக்கு யுத்தத்தைச் செய்தே காட்டினேன். ஒவ்வொருத்தியும் ஒரு ராஜ்யம். யாருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாளோ அவளுடைய தாவணி முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். செர்வியாவாக நின்ற குட்டிப்பெண் ரூபியை ஆஸ்திரியா லேசாகத் தள்ளினாள். அவ்வளவுதான், ருஷ்யா, ஜெர்மனி, பிரான்சு, பெல்ஜியம், இங்கிலாந்து, எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள்.

ஸ்வீடனாக நின்ற மங்களம் மட்டும் விழவில்லை. "டீச்சரம்மா, நான் சும்மாத்தானே நிக்கிறேன். எனக்கு ஆட்டம் இல்லையா?"

"சும்மா நிற்பதற்கும் இந்தத் தெருவில் ஒரு பெயர் உண்டு. நடுநிலை."

ரூபி மண்ணைத் தட்டிக்கொண்டே எழுந்து, "நம்ம எத்திக்கம்மா யாரு பக்கம் விழுவாங்க?" என்றாள். ஹெட்விக் என்ற பெயர் இந்தப் பிள்ளைகள் வாயில் எத்திக்கம்மா ஆகிவிட்டது. மணி அடிக்கச் சொன்னேன்.

1914 செப்டம்பர் 24

ஒரு ஜெர்மன் கப்பல் சென்னைக்கு வந்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போய்விட்டது. கடற்கரை ஊர்களெல்லாம் கிலி பிடித்துக் கிடக்கின்றன. இன்று காலை சப்-இன்ஸ்பெக்டர் கோதண்டராமன் இரண்டு கான்ஸ்டபிள்களோடு வந்தார்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. மாடியில விளக்கு எரியுதுன்னு குப்பத்துல சொல்றாங்க. கப்பலுக்குச் சைகையாம்."

"மாடியில அம்மை போட்ட பிள்ளைங்க படுத்திருக்கு. அந்த விளக்கை ஏத்துறது நான்தான். கூட்டிக்கிட்டுப் போறதுன்னா என்னைக் கூட்டிக்கிட்டுப் போங்க," என்றேன்.

"உங்களை எதுக்கும்மா? நீங்க நம்ம ஊரு."

ஹெட்விக் அம்மாள் ஒரு படி முன்னால் வந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "நான் எந்த ஊருங்க?"

மனிதர் கான்ஸ்டபிள்களைத் திரும்பிப் பார்த்தார். ஹெட்விக் அம்மாள் மாயவரத்தில் பிறந்தவர் என்பது இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். அவர் அப்பா அங்கே பாதிரி, என் அப்பா அங்கே உபதேசியார். ஒரே வளாகத்தில், ஒரே நெல்லிமரத்தில் ஏறி விழுந்தவர்கள் நாங்கள். இருந்தாலும் இப்போது அவர் மேனேஜர், நான் அவருக்குக் கீழ் வேலை பார்ப்பவள். அந்த மரியாதையை நான் என்றும் விட்டதில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் கடைசியில் விளக்கைக் கைது செய்துகொண்டு போனார். அம்மை போட்ட பிள்ளைகளைக் கீழே தாழ்வாரத்துக்கு இறக்கினேன்.

1914 நவம்பர் 8

துருக்கியும் சேர்ந்துவிட்டது, ஜெர்மனி பக்கம். அதனால் என் கணவருடைய படைப்பிரிவுக்கு உத்தரவு வந்திருக்கிறது. அவர் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர், காயம் கட்டுகிறவர். பம்பாயிலிருந்து கப்பல், பாஸ்ரா என்ற இடத்துக்கு. தேசப்படத்தில் காட்டினேன். அன்னம்மாள் தன் விரலை வைத்து அளந்து பார்த்து, "கிட்டத்தான் இருக்கு," என்றாள்.

ஆமாம், கிட்டத்தான்.

1915 மே 20

ஜெர்மன் பாதிரிமார் எல்லாரையும் காவலில் வைக்க அழைத்துப் போகிறார்கள் என்று செய்தி. பெண்களை இப்போதைக்கு விட்டிருக்கிறார்கள். ஹெட்விக் அம்மாள் ஊர் எல்லை தாண்டுவதற்கு அனுமதி வாங்க வேண்டும். கடைத்தெரு வேலையெல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன். பாடசாலைக்கு ஒன்றும் நேரவில்லை. ஆறாம் வகுப்பில் எல்லாரும் தேர்ச்சி.

பாஸ்ராவிலிருந்து கடிதம் வந்தது. ஈச்சம்பழம் மலிவாம். வெயில் நம் ஊர் வெயிலை வெட்கப்பட வைக்குமாம்.

1915 அக்டோபர் 19

ஜெர்மன் பெண்களையும் கப்பலேற்றி அவர்கள் "சொந்த நாட்டுக்கு" அனுப்ப உத்தரவு. ஹெட்விக் அம்மாள் அந்த நாட்டைப் பார்த்தது சிறுபிள்ளையாக இருந்தபோது ஒரே ஒரு தடவை.

உத்தரவைக் கொண்டுவந்த அதிகாரி நம் நாட்டவர்தான், நன்றாகப் பேசினார். என்னைத் தனியே கூப்பிட்டார்.

"உங்க பாடசாலைக்கு சர்க்கார் கிராண்டுப் பணம் தொடரணும்னா ஒரு சின்ன ஸ்டேட்மென்ட் வேணும். இந்த அம்மா பிள்ளைங்ககிட்ட சர்க்காருக்கு விரோதமா பேசினாங்கன்னு நாலு வரி. நீங்கதான் கூடவே இருந்தவங்க. நீங்க எழுதினா மேல நம்புவாங்க."

"அவங்க பேசலையே."

"அவங்க எப்படியும் போகப்போறவங்க. நாலு வரியால அவங்களுக்கு என்ன நஷ்டம்? உங்களுக்கு லாபம். யோசிச்சுப் பாருங்க. போதாததுக்கு உங்க வீட்டுக்காரர் நம்ம ராஜாவுக்காகச் சண்டைக்குப் போயிருக்காரு."

யோசிக்க என்ன இருக்கிறது? "நான் காதால் கேட்டதை வேணும்னா எழுதித் தர்றேன். சட்னியில உப்பு ஜாஸ்தின்னு சொன்னாங்க. மழைக்கு முன்னால கிணத்தைத் தூர்வாரணும்னு சொன்னாங்க. தன் ஊரு மாயவரம்னு சொன்னாங்க. இதுக்குக் கீழ கையெழுத்துப் போடட்டுங்களா?"

அவர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, "கெட்டிக்காரத்தனம் சோறு போடாதும்மா," என்றார்.

போடும். பார்க்கட்டும்.

1915 நவம்பர் 11

மாயவரம் வரை மாட்டுவண்டி, அங்கிருந்து ரயில். கூடவே ஒரு கான்ஸ்டபிள். ஹெட்விக் அம்மாள் ஸ்டேஷனில் என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். ரயில் வந்தபிறகுதான், "ஞானம், அந்த ஊர்ல சோறு கிடைக்குமாடி?" என்றார்.

"கஞ்சியாவது வெச்சுக் குடிங்க," என்றேன்.

"எனக்கு ஒரு ராஜ்யம் இருக்குன்னு இத்தனை பேரு சொல்றாங்க. அதுக்கு என்னைத் தெரியுமா, பாரு."

கான்ஸ்டபிள் கதவைச் சாத்தினான்.

திரும்பும் வழியில் பாடசாலைக்குச் சாக்குக்கட்டியும் விடுதிக்கு மண்ணெண்ணெயும் வாங்கினேன். நாள் வீண்போகவில்லை. வண்டிக்காரன் மட்டும் அடிக்கடி வண்டியை நிறுத்தி, "தண்ணி குடிக்கிறீங்களாம்மா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். எதற்கென்று தெரியவில்லை.

1915 டிசம்பர் 13

கிராண்டு நின்றுவிட்டது. அதற்கு மேலும் ஒரு தாக்கீது: இது எதிரி நாட்டார் சொத்து. எதிரியல்லாத ஐரோப்பியர் ஒருவர் மேனேஜராகப் பொறுப்பேற்காவிட்டால் ஜனவரி கடைசியில் கட்டடத்தைப் பூட்டி முத்திரை வைப்பார்கள். தலைமை உபாத்தியாயினியை மேனேஜராக ஏற்பதில்லை. ஏன் என்று எழுதிக் கேட்டேன். பதிலில்லை.

விடுதியில் காலைக்குக் கேழ்வரகுக் கூழ், மத்தியானம் சோறு, ராத்திரி மறுபடி கூழ். பிள்ளைகள் முகம் சுளிக்கவில்லை. போக்கிடம் இருந்த சிலரை அனுப்பினேன். மங்களத்துக்கும் ரூபிக்கும் போக்கிடம் இல்லை. அவர்களைப் போல இன்னும் பலருக்கு இல்லை.

இங்கிலீஷ் மிஷன்காரர்கள் வரமாட்டார்கள், அவர்களுக்கே ஆள் போதவில்லை. அப்படியென்றால் எதிரியும் அல்லாத, நண்பனும் அல்லாத ஒருவர் வேண்டும். தெருவில் அப்படிப்பட்ட வீடுகள் இன்னும் சில மிச்சமிருக்கின்றன. மதுரையில் ஸ்வீடன் தேசத்துப் பாதிரியார் ஒருவர் இருக்கிறார், எக்லுண்ட் ஐயர். பாதிரிமாரை ஐயர் என்றே அழைப்பது எங்கள் வழக்கம். கடிதம் எழுதினால் யோசித்துப் பதில் போடுவார். நேரே போனால் யோசிக்க நேரமிருக்காது. நேரே போகிறேன்.

கணவரிடமிருந்து கடிதம் வந்து நாளாகிறது. பட்டாளத் தபால் தாமதமாகும்.

1916 ஜனவரி 8

மதுரைக்குப் போய் வந்தாயிற்று. அன்னம்மாள் துணை. ரயிலில் அவள் கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைப் பாதிப் பெட்டி தின்றது.

எக்லுண்ட் ஐயர் நெட்டையான மனிதர். தமிழைப் புத்தகத்தில் படித்தவர், அச்சடித்ததுபோல் பேசுகிறார். பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"சகோதரி, எங்கள் தேசம் நடுநிலை வகிக்கிறது. ஆகையால் நாங்கள் ஒன்றிலும் தலையிடலாகாது. இன்று ஜெர்மானியர் பள்ளியை ஏற்றுக்கொண்டால், நாளை எங்கள்மீதும் ஐயம் எழும்."

அங்கேதான் எனக்குப் பேச்சு வந்தது.

"ஐயர், ரெண்டு வீட்டுக்காரங்க அடிச்சுக்கிறாங்க. நடுவீட்டுக்காரன் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே உக்காந்தா, அதுக்குப் பேரு பயம். ரெண்டு வீட்டுப் பிள்ளைங்களும் அவன் வீட்டுல வந்து தண்ணி குடிக்கலாம்னு வெச்சா, அதுக்குப் பேருதான் நடுநிலை. உங்க தேசம் எதுக்காகச் சண்டை போடலைன்னு எனக்குத் தெரியாது. ஆனா அதனால உங்களால செய்ய முடிஞ்ச ஒரு காரியம் இப்போ வேற யாராலயும் செய்ய முடியாது."

அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். அன்னம்மாள் என் முழங்கையைக் கிள்ளினாள், போதும் நிறுத்து என்று. நான் நிறுத்தவில்லை.

"நீங்க மணற்பட்டினத்துக்கு வந்து தங்கவே வேண்டாம். மேனேஜர்ங்கிற பேரு உங்களது. பாடசாலை என்னோடது."

திரும்பிப் பார்த்தார். சிரிப்பை அடக்கியது தெரிந்தது. "தாங்கள் பேச்சுவார்த்தைக்கு வந்தீர்களா, நிபந்தனை விதிக்க வந்தீர்களா?"

"ரெண்டுக்கும்தான் ஐயர். ரயில் செலவு ஜாஸ்தி."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை நானே கொண்டுபோய் அந்தத் தலைப்பாகை அதிகாரியின் மேஜையில் வைத்தேன். வாசித்துப் பார்த்துவிட்டு, "ஸ்வீடன் எங்கே இருக்கு?" என்று கேட்டார். நடுவில் இருக்கிறது என்றேன்.

1916 பிப்ரவரி 2

முத்திரை வைக்க யாரும் வரவில்லை. ஆறாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு ஆரம்பித்தேன்.

1916 மே 5

குட் என்ற ஊரில், பாஸ்ராவிலிருந்து போன நம் படை மாதக்கணக்கில் முற்றுகையில் கிடந்து, கடைசியில் துருக்கியரிடம் சரணடைந்துவிட்டது. பட்டினியால் குதிரைகளைத் தின்றார்களாம். பத்திரிகையில் வெள்ளைக்கார ஆபீசர்களின் பெயர்கள் போட்டிருக்கிறார்கள். இந்தியப் படையினர் "பலர்" என்று இருந்தது.

விடுதிக் கூரைக்குக் கீற்று மாற்றினோம்.

1916 மே 6

மீதிக் கூரை.

1916 ஜூன் 14

தபால் இல்லை. பட்டாள ஆபீசுக்கு எழுதினேன். விவரம் கிடைத்ததும் தெரிவிப்பார்களாம்.

அன்னம்மாள் இன்று நான் சாப்பிடும்போது எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். தட்டைக் காலி செய்யும்வரை எழுந்திருக்கவில்லை. அவளுக்கு வர வர அதிகாரம் கூடிவிட்டது.

1916 ஆகஸ்ட் 3

இன்ஸ்பெக்ஷன் நடந்தது. நல்ல பெயர். கிராண்டில் பாதியைத் திரும்பக் கொடுக்கிறார்கள். மீதியையும் வாங்குவேன்.

தைத்துக்கொண்டிருக்கும் சட்டை யாருக்கு என்று மங்களம் கேட்டாள். ஆண்பிள்ளைச் சட்டை. துணி மிச்சமிருந்தது என்றேன்.

1916 செப்டம்பர் 16

எக்லுண்ட் ஐயர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். மதுரையிலிருந்து இவ்வளவு தூரம் நேரே வந்திருக்கிறாரென்றால் பாடசாலையைக் கைவிடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். என்ன பேச வேண்டும் என்று மனதில் வரிசைப்படுத்திக்கொண்டே நாற்காலி போட்டேன்.

அவர் உட்காரவில்லை. "சகோதரி, தங்கள் கணவர் பெயர் ராஜநாயகம்தானே? காயங்களுக்குக் கட்டுப்போடும் பணி?"

ஆமாம் என்றேனா, தலையை மட்டும் அசைத்தேனா, தெரியவில்லை.

"உயிரோடு இருக்கிறார்."

மறுபடி சொல்லச் சொன்னேன். சொன்னார். இன்னொரு தடவையும் சொன்னார். பிறகு நடந்ததை விவரித்தார். ஹெட்விக் ஜெர்மனியில் போய் இறங்கிய சில மாதத்தில் குட் செய்தியைப் பத்திரிகையில் பார்த்திருக்கிறாள். துருக்கி நாட்டில் ரயில் பாதை போடுவது ஜெர்மன்காரர்கள். சிறைபிடித்த சிப்பாய்களை அந்தப் பாதை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். அங்கே இன்ஜினீயராக இருப்பவன் அவளுடைய சித்தப்பா மகன். அவனுக்கு எழுதினாள். ஆனால் ஆயிரக்கணக்கான கைதிகள், பெயரெல்லாம் துருக்கி எழுத்தில் உருத்தெரியாமல் கிடக்கிறது, எப்படித் தேடுவது? அதற்கு ஒரு தமிழ் வாக்கியத்தை ஜெர்மன் எழுத்தில் எழுதி, எப்படி வாசிக்க வேண்டும் என்றும் குறித்து அனுப்பியிருக்கிறாள். அந்த வெள்ளைக்காரன் முகாம் முகாமாகப் போய், அர்த்தம் தெரியாமலேயே, வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களுக்கு முன்னால் நின்று அதை உரக்கப் படித்திருக்கிறான்.

"என்ன வாக்கியம் ஐயர்?"

முதல் தடவையாக அவர் புத்தகத் தமிழை விட்டார். அவளுடைய தமிழ் அவர் வாயில் அப்படியே வந்தது. "'மணற்பட்டினத்து ஞானப்பூ வீட்டுக்காரர் யாருங்க?'"

மூன்றாவது முகாமில் ஒரு மனிதர் எழுந்து நின்றாராம். மெலிந்து போயிருந்தாராம். இப்போது ரயில்வே ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் வேலை, கூரைக்குக் கீழே, வேளைக்குச் சாப்பாடு.

செய்தி ஜெர்மனியிலிருந்து நேரே இங்கே வர முடியாது. அதனால் அவள் ஸ்வீடனுக்கு எழுதினாள். அங்கிருந்து மதுரைக்கு வந்தது. எக்லுண்ட் ஐயர் அதைத் தபாலில் போடாமல் தானே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஐயருக்குக் காபி கொடுத்தேனா என்று நினைவில்லை. அன்னம்மாள் கொடுத்தாளாம். அவள் அழுத அழுகையைப் பார்த்து விடுதிப் பிள்ளைகள் யாரோ செத்துப்போனதாகவே நினைத்துவிட்டார்கள். நான்தான் எல்லாரையும் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

அடி ஹெட்டி. அங்கே சோறு கிடைத்ததா உனக்கு?

1916 செப்டம்பர் 18

ஞாயிற்றுக்கிழமைக்குள் செய்தி சுற்றுவட்டாரம் முழுக்கப் போய்விட்டது. இன்று பாடசாலை விட்டதும் வாசலில் பெண்கள் நின்றார்கள். மீனவக் குப்பத்திலிருந்து இருவர், கடைத்தெருவிலிருந்து ஜைனம்பு, தன் புருஷன் பட்டாளத்தில் சமையல்காரனாகப் போனவன் என்று சொல்லிக்கொண்டு. எங்கேயோ மூன்று மைல் தள்ளி ஒரு சேரியிலிருந்து நடந்தே வந்த வெள்ளைச்சி. அவளுடைய மகன் பட்டாளத்தில் காயம்பட்டவர்களை டோலியில் தூக்கப் போனவன். ஒருத்தருக்கும் சர்க்காரிடமிருந்து ஒரு சொல் வரவில்லை.

பள்ளிக்கூடத்துக்குள் எல்லாரும் நுழையலாமா என்று தயங்கிக்கொண்டு வெயிலிலேயே நின்றார்கள். உள்ளே கூப்பிட்டு பெஞ்சுகளில் உட்கார வைத்தேன். மங்களம் எல்லாருக்கும் ஒரே குடத்திலிருந்து தண்ணீர் கொடுத்தாள். குப்பத்துப் பெண் ஒருத்தி வெள்ளைச்சியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பிறகு டம்ளரை வாங்கிக் குடித்தாள்.

எக்லுண்ட் ஐயர் புறப்படத் தயாராக இருந்தார். "ஐயர், ஒரு பேர் போய்ச் சேர்ந்துச்சுன்னா இன்னும் நாலு பேரும் போய்ச் சேரும். வண்டியைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க," என்றேன். அவர் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

வெள்ளைச்சிதான் முதலில் வந்தாள். போகும் வழியை அவளுக்குச் சொன்னேன். இங்கேயிருந்து மதுரை, அங்கேயிருந்து கப்பலில் ஸ்வீடன், அப்புறம் ஜெர்மனி, அங்கே என் சிநேகிதி ஒருத்தி இருக்கிறாள், அவள் கையிலிருந்து துருக்கி, பிறகு ரயில் பாதை ஓரமாக ஒரு முகாம்.

"இத்தனை ராச்சியம் தாண்டி எம்புள்ள பேரு போகுமா தாயி?"

"போகும். பேரைச் சொல்லுங்க."

"பட்டாளத்துல வேலாயுதம்னு எழுதியிருக்கான். ஆனா அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா அவனுக்கே தெரியாது. நான் கூப்பிடுறது சீராளான்னு. ரெண்டையும் எழுது."

இரண்டையும் எழுதினேன். எப்படி உரக்கக் கூப்பிட வேண்டும் என்று ஒரு தடவை கூப்பிட்டுக் காட்டச் சொன்னேன். வெள்ளைச்சி எழுந்து நின்று, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, வயலின் அக்கரையில் நிற்கும் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டாள். அந்தக் கடைசி எழுத்தை எவ்வளவு நீட்ட வேண்டும் என்று, மாயவரத்து வளாகத்தில் ஹெட்டியோடு சேர்ந்து படித்த ஜெர்மன் எழுத்தில் குறித்தேன்.